கொசுறு

பேஸ்பாலில் கேட்சரின் வேலை, எறிகிற பந்தைப் பிடிக்கக் குந்தி உட்காருவது. குந்தி உட்கார்ந்தே சம்பாதித்த மாப்பிள்ளை என்று என் மாமனார் வீட்டில் இன்றைக்கும் கேலி செய்வார்கள். அதனால் நான் அடிக்கடி காலை நீட்டி மடக்கினால் தப்பாக நினைக்காதீர்கள், முழங்கால் இரண்டும் போய்விட்டன. நீங்கள் அந்த ஆடும் நாற்காலியில் உட்காருங்கள். அங்கேதான் காற்று வரும்.

வில்கினைப் பற்றி எழுத வந்திருக்கிறீர்கள். எதிரே மூலைக்கடை வாசலில் டாமினோ ஆடிக்கொண்டிருக்கிறானே, முதலில் அவனிடம்தான் போனீர்கள். "என் கையப் பத்தி என்னைவிட எலிசேயோ அண்ணனுக்குத்தான் தெரியும், அங்க போய்க் கேளுங்க" என்று அவன் அனுப்பிவிட்டான். உண்மைதான். இதற்கு முன்னும் சிலர் வந்து கேட்டார்கள், அப்படிப்பட்ட கை எப்படிப் போயிற்று என்று. பேஸ்பாலில் பந்தெறிகிற பிட்சரின் கை போவது சகஜம் என்று சொல்லி அனுப்பினேன். அதுவும் உண்மைதான். ஆனால் அவர்கள் யாரும் என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீங்கள் வந்ததும் என் முழங்காலைப் பற்றி விசாரித்தீர்கள். அதனால் உங்களுக்கு முழுவதும் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

சர்க்கரை ஆலைக்குப் பின்னால், கரும்பு வெட்டி முடித்த வெறும் நிலத்தில்தான் நாங்கள் ஆடினோம். வில்கினுக்கு என்னைவிட இரண்டு வயது குறைவு. ஒல்லிப்பயல், ஆனால் அவன் எறிகிற பந்தைப் பிடிக்க எவனும் முன்வரமாட்டான். பெரிய பையன்களே, "போடா, எனக்குப் பல்லு வேணும்" என்று நழுவிவிடுவார்கள். நான் உட்கார்ந்தேன். மூக்கு உடைந்தது, பாருங்கள், இன்னும் கோணல்தான். மறுநாளும் போய் உட்கார்ந்தேன். எனக்கு வேறு எதுவும் வரவில்லை, அதுதான் காரணம். மட்டையைப் பிடித்தால் காற்றுக்கு விசிறுவேன். ஓடினால் ஆமை சிரிக்கும். ஒருவன் எறிவதைப் பிடிக்க மட்டும் தெரிந்திருந்தது.

எங்கள் சான் பெத்ரோ பக்கத்தில் பையன்களைத் தேடிப் பிடித்து, சோறு போட்டு, பழக்கி, அமெரிக்க அணிகளுக்குக் கொடுத்துப் பங்கு வாங்கிக்கொள்ளும் ஆட்கள் உண்டு. எங்களைப் பிடித்தவர் பெயர் மில்சியாதெஸ். வில்கினுக்குப் பதினேழு வயதானபோது ஒரு அணிக்காரர்கள் வந்து பார்த்தார்கள். ஒப்பந்தம் தயாரானது. வில்கினின் அம்மா உள்ளே போய்ப் புதுச் செருப்பு மாட்டிக்கொண்டு வந்தாள். அவன் பேனாவை எடுத்தவன், கீழே வைத்துவிட்டான்.

"எலிசேயோ அண்ணன் வரலைன்னா நானும் வரல."

மில்சியாதெஸுக்கு முகத்தில் ஈயாடவில்லை. "டேய், உங்கம்மா செருப்பெல்லாம் போட்டு நிக்கிறா, விளையாடாத" என்றார். வில்கின் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அணிக்காரரோடு வந்திருந்த எங்கள் ஊர் ஆள் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சரி விடுங்க. இவன் கொசுறு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

உங்கள் ஊரில் அந்தப் பழக்கம் இருக்கிறதோ என்னவோ. இங்கே கடையில் கத்தரிக்காய் வாங்கினால், கடைசியில் கை நீட்டிக் கொசுறு கேட்போம். கடைக்காரர் ஒரு பிடி கொத்துமல்லியைப் பிய்த்துப் பையில் திணிப்பார். அதற்கு விலை கிடையாது. அன்றிலிருந்து என் பெயர் அதுவே ஆகிவிட்டது. பயிற்சி முகாமில் சமையல்காரி முதல், வாயில் நுழையாமல் தடுமாறிய அமெரிக்கப் பயிற்சியாளர் வரை எல்லாருக்கும் நான் கொசுறு. வில்கின் ஒருவன்தான் அண்ணே என்று கூப்பிட்டான். இப்போதும் அப்படித்தான் கூப்பிடுகிறான்.

பிட்சரின் வாழ்க்கை ஓர் ஏணி. முதலில் இங்கே முகாம். பிறகு அமெரிக்காவில் கத்துக்குட்டிகள் ஆடுகிற வெயில் மைதானம். பிறகு சின்ன ஊர்கள், கொஞ்சம் பெரிய ஊர்கள், பிறகு உச்சிக்கு ஒரு படி கீழே. உச்சியில் இருப்பவர்கள் விமானத்தில் போவார்கள், மற்றவர்களுக்குப் பஸ். ஒவ்வொரு படியிலும் ஆட்கள் உதிர்வார்கள், சத்தமே இருக்காது. காலையில் உடை மாற்றும் அறைக்குப் போனால் அலமாரியில் ஒருவனுடைய பெயரட்டை இருக்காது, அவ்வளவுதான். வில்கின் ஏறினான். அவன் ஏறும்போதெல்லாம் என்னையும் பையில் போட்டுக் கொண்டுபோனார்கள். நான் உட்கார்ந்தால் அவன் நன்றாக எறிகிறான் என்று எல்லா ஊரிலும் தெரிந்திருந்தது.

அது எப்படி என்பதையும் சொல்லவேண்டும். எந்தப் பந்தை எறிவது என்று முடிவு செய்பவன் கேட்சர். குந்தியிருக்கும்போது இரண்டு தொடைக்கு நடுவில் விரலால் காட்டுவான். ஒரு விரல் என்றால் நேரான வேகப்பந்து. நான்கு விரல் மெதுவான ஏமாற்றுப் பந்து. மூன்று விரல் என்றால் ஸ்லைடர். வேகமாக வந்து, மட்டை வீசுகிற நேரத்தில் விலகிச் சரிந்துவிடும். வில்கினின் ஸ்லைடரைத் தொட்டவர்கள் குறைவு. ஆனால் அதை எறிய முழங்கையை ஈரத்துணி பிழிகிற மாதிரி முறுக்கவேண்டும். அதனால் மூன்று விரலை உப்பு மாதிரி அளவாகப் போடவேண்டும். பிட்சருக்குப் பிடிக்கவில்லையென்றால் தலையை ஆட்டலாம், கேட்சர் வேறு விரல் காட்டுவான். வில்கின் ஆட்டமாட்டான். "நீ யோசி, நான் எறியறேன். எதுக்கு ரெண்டு பேரும் மண்டைய உடைச்சுக்கணும்" என்பான்.

வலி வந்தால் பிட்சர் யாரிடமும் வாயைத் திறக்கமாட்டான். திறந்தால் பின்னால் நிற்கிறவன் அவன் சட்டையைப் போட்டுக்கொள்வான். கேட்சரிடம் மட்டும் சொல்வான், பாவமன்னிப்புக் கேட்கிற மாதிரி. சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரிந்துவிடும். பந்து என் கையுறையில் விழுகிற சத்தம் மாறும்.

உச்சிக்கு ஒரு படி கீழே இருந்தபோது, ஒரு பிற்பகலில் பிட்சர்களின் பயிற்சியாளர் ஹென்ஷா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர். எங்கள் மொழியைச் சந்தைச் சண்டையில் கற்றுக்கொண்டவர் போலப் பேசுவார்.

"இன்னைக்கு ஆட்டம் முடிஞ்சதும் உன் ஆளை மேல கூப்பிடறாங்க. ராத்திரி அவன்கிட்ட நானே சொல்றேன்."

"நான்?"

அவர் என் தோளைத் தட்டினார். "நீ நல்ல பையன், கொசுறு."

அந்த உலகத்தில் நல்ல பையன் என்றால் மூட்டையைக் கட்டு என்று அர்த்தம். எனக்கு வேர்த்துவிட்டது. என்ன தெரியும் எனக்கு? படிப்பு இல்லை. ஊருக்குத் திரும்பினால் கரும்பு வெட்டவேண்டும், இல்லையென்றால் மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றவேண்டும். அதைக்கூடச் செய்யலாம். ஆனால் அவன் இல்லாமல் காலையில் எழுந்து யாருக்காகக் குந்துவது? நான் பயந்தேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

அன்று ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்து பெஞ்சுக்கு வந்தவன், தண்ணீரை இடது கையால் எடுத்தான்.

"அண்ணே, சுண்டுவிரல் மரத்துப் போச்சு. முழங்கை சுள்ளுங்குது. யார்கிட்டயும் மூச்சு விட்டுடாத. மேல போறதப் பத்தி ஏதோ பேசிக்கிறாங்க, இன்னைக்கு மட்டும் ஒழுங்காத் தாண்டிட்டாப் போதும்."

"நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அந்த நேரத்தில் ஒரு நல்ல கேட்சர் என்ன செய்வான் என்று உங்களுக்கே இப்போது தெரியும். ஒரு விரலும் நான்கு விரலுமாகக் காட்டி அவனைக் கரை சேர்த்துவிடுவான். நான் மூன்று விரல் காட்டினேன். அடுத்த பந்துக்கும் காட்டினேன். அதற்கடுத்ததற்கும். எழுதுவதை ஏன் நிறுத்திவிட்டீர்கள்? எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் பந்தை வாங்கும்போது அவன் கண்ணைச் சுருக்குவான், சரி என்று தலையசைப்பான், எறிவான். கடைசிப் பந்து என்னிடம் வரவே இல்லை, பின்வேலியில் போய் மோதியது. அவன் பந்தெறிகிற மேட்டிலேயே மண்டியிட்டுக் கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டிருந்தான். முதலில் ஓடிப்போனவன் நான்தான். "ஒண்ணுமில்லடா, நான் இருக்கேன்" என்றேன். மனதாரச் சொன்னேன்.

நான் அவனுக்குக் கெடுதல் நினைக்கவில்லை. எங்கள் ஊரில் எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை உண்டு. மணிக்கட்டிலிருந்து நரம்பெடுத்து முழங்கையில் வைத்துத் தைத்துவிட்டால், பழைய கையைவிடப் புதுக் கை வேகம் என்பார்கள். நல்லாயிருக்கிற கையை அறுத்துத் தைக்கச் சொல்லி மகனை டாக்டரிடம் இழுத்துப்போன தகப்பன்களை எனக்குத் தெரியும். என்றைக்கிருந்தாலும் அறுந்துபோகப் போகிற நரம்பு, மேலே போய் அறுந்துபோவதைவிட இங்கேயே அறுந்துபோகட்டும், நான் பக்கத்தில் இருக்கும்போதே அறுந்துபோகட்டும் என்று நினைத்தேன். தப்பா?

தைத்தார்கள். புதுக் கையைப் பழக்க ஒரு வருடத்துக்கு மேலாகும், எறிந்து பழகும்போது பிடிக்க ஆள் வேண்டும். "கொசுறு வேணும்" என்றான் வில்கின். அணிக்காரர்கள் என்னை அவனோடு ஃப்ளோரிடாவில் ஒரு சின்ன வீட்டில் வைத்தார்கள். ஆமாம், அன்றைக்கு மட்டும் அவன் கொசுறு என்றான். அவர்களுக்குப் புரியவேண்டுமே என்பதற்காகத்தான் அப்படிச் சொல்லியிருப்பான்.

என் வாழ்க்கையில் நல்ல காலம் எது என்று கேட்டால் அந்த வருடத்தைத்தான் சொல்வேன். அவனுக்குத் தலை வாரிவிட்டேன். ஷூ நாடா கட்டிவிட்டேன். ஊரில் இருந்த அவன் மனைவி யாஹைராவுக்குப் போன் போட்டு அவன் காதில் வைத்துப் பிடித்தேன். அவள், "எலிசேயோ அண்ணே, பேசாம நீங்களே அவரைக் கட்டியிருக்கலாம்" என்று சிரிப்பாள். காலையில் வாழைக்காய் மசித்து, வெங்காயம் வதக்கிப் போட்டு ஊட்டுவேன்.

"என்ன அண்ணே இது, பிசின் மாதிரி இருக்கு. டாக்டர் இதையே தடவியிருந்தா தையல் மிச்சமாயிருக்கும்."

"வாயத் திற. பேசினா ஆறிடும்."

அப்படிப் போயிற்று. சில இரவு அவன் அழுவான், கை வருமா அண்ணே என்று. வரும்டா என்று முதுகைத் தடவிக்கொடுப்பேன். வந்தது. ஊர் நம்பிக்கை பலித்துவிட்டது. முன்னைவிட வேகம். என் உள்ளங்கை வீங்கிப்போயிற்று. ஹென்ஷா என்னைக் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொன்னார்.

"இந்த வருஷம் மூணு விரல் கிடையாது. டாக்டர் உத்தரவு. ஒண்ணு, நாலு, அவ்வளவுதான். தையல் இன்னும் இறுகல. அவன் ஆசைப்பட்டாலும் நீ காட்டக்கூடாது. உன்னை நம்பி விடறேன்."

சரி என்றேன். அந்தக் கோடை முழுவதும் வாக்கைக் காப்பாற்றினேன். அந்த வேகத்துக்கு ஒரு விரலே போதுமாக இருந்தது. அதனால்தான் மேலேயிருந்து மறுபடியும் கூப்பிட்டார்கள்.

இந்தத் தடவை நான் சும்மா இருக்கவில்லை. ஹென்ஷாவிடம் கெஞ்சினேன். மேலே பயிற்சிக்குப் பந்து பிடிக்கிற ஆளாகப் போகிறேன், துணி துவைக்கிறேன், எது வேண்டுமானாலும் என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "உன் அலமாரிய நீயே காலி பண்ணிட்டா மரியாதையா இருக்கும்" என்றார். பிறகு வில்கினிடம் போனேன். அவன் படுக்கையில் பெட்டியைத் திறந்துவைத்து, புதுச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தான். வலது கையாலேயே மடித்தான்.

"நீ ஒரு வார்த்தை சொன்னா என்னையும் கூட்டிப்பாங்கடா."

"சொல்றேன் அண்ணே. இப்பவே எப்படி? நானே புதுசு. இந்த வருஷம் முடியட்டும், பேசறேன்."

"பேசறியா?"

"பேசறேன்னு சொல்றேன்ல. யாஹைராவும் பாப்பாவும் வராங்க, வீடு பாக்கணும், ஆயிரம் வேலை இருக்கு. நீயும் ஊருக்குப் போய்க் கொஞ்சம் ஓய்வெடு. உன் முழங்காலப் பாரு."

என் முழங்காலைப் பற்றி அவன் அக்கறையாகத்தான் சொன்னான். எனக்கு அது புரிந்தது. ஆனாலும், எதுவுமில்லாத பதினேழு வயதில் பேனாவைக் கீழே வைத்தவன், எல்லாம் கைக்கு வந்த பிறகு பேசறேன் என்கிறான். அன்றிரவு அவன் நிம்மதியாகத் தூங்கினான். நான் பக்கத்துக் கட்டிலில் படுத்து அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவனை வெறுக்கவில்லை. மேலே இருக்கிற கேட்சர்களுக்கு அவன் கையைத் தெரியாது. அவன் கண்ணைச் சுருக்கினால் என்ன அர்த்தம் என்று தெரியாது. அவனைக் கண்டபடி எறியவிட்டு, ஒரே வருடத்தில் நாசம் பண்ணிவிடுவார்கள் என்று எனக்குக் கவலையாக இருந்தது.

மறுநாள் அங்கே அவனுடைய கடைசி ஆட்டம். அதைப் பற்றி நான் அதிகம் சொல்வதில்லை. கை மறுபடி போயிற்று, அதே இடத்தில். இந்த முறை நரம்போடு எலும்பும் பெயர்ந்தது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே வைத்தார். நான் என்ன காட்டினேன் என்று ஹென்ஷா கேட்டார். அவனே ஆசைப்பட்டான் என்றேன். வில்கின் அப்போது மயக்க மருந்தில் இருந்தான். பிறகு அவனிடமும் கேட்டிருக்கிறார்கள். "அண்ணன் சொல்றதுதான்" என்றானாம். ஒரே வாரத்தில் இரண்டு பேரையும் ஊருக்கு அனுப்பினார்கள். கத்தரிக்காயே சொத்தை என்றான பிறகு கொத்துமல்லியை யார் வைத்துக்கொள்வார்கள்? விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. என் வாழ்க்கையில் அவன் தோளில் சாய்ந்து நான் தூங்கியது அந்த ஒரு நாள்தான்.

யாஹைரா கொஞ்ச வருடம் பொறுத்தாள். அவன் குடித்தான், சுவரைக் குத்தினான், அதுவும் அந்தக் கையாலேயே. அவள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போர்ட்டோ ரிக்கோவில் தன் அக்காவிடம் போய்விட்டாள். அதற்கு நான் பொறுப்பில்லை. நான் அவனை விடவில்லை, பாருங்கள். என் வீட்டுப் பின்னறையில்தான் இருக்கிறான். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்காது, அதனால் டாமினோவை இடது கையால் வைக்கிறான். கறியை நான் வெட்டிக்கொடுக்கிறேன். சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். சாயங்காலம் இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து, மேலே ஆடுகிறவர்களின் ஆட்டத்தை டிவியில் பார்ப்போம். சில நாள் பிட்சர் எறிவதற்கு முன்பே அவன் மெல்ல, "மூணு" என்பான்.

இப்போது நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. தடை இருந்தது வில்கினுக்கும் தெரியும், பிறகு ஏன் எறிந்தான்? பயிற்சியாளர்களும் அதைத்தான் கேட்டார்கள். அவனே ஆசைப்பட்டான் என்று அவர்களிடம் சொன்னேன். நான் காட்டியதற்கு அவன் தலையை ஆட்டமாட்டான் என்று சற்றுமுன் உங்களிடம் சொன்னேன். இரண்டும் முழுக்கச் சரியில்லை.

நாங்கள் எட்டு ரன் முன்னால் இருந்தோம். ஜெயித்த ஆட்டம். எதிரில் நின்றவன் ஒரு விரலையே தொடமுடியாத கத்துக்குட்டி. நான் மூன்று விரல் காட்டினேன். வில்கின் தப்பாகப் பார்த்துவிட்டோம் என்று நினைத்து முன்னால் குனிந்தான். பிறகு தலையை ஆட்டினான், மாட்டேன் என்று. அத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. நான் விரலை மாற்றவில்லை. அவன் மறுபடி ஆட்டினான். மேட்டிலிருந்து இறங்கி, தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, என்னையே பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. ஏன் அண்ணே என்று கேட்கிற முகம். அவனுக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. நான் குந்தியபடியே, அதே மூன்று விரலை, இன்னும் நன்றாகத் தெரிகிற மாதிரி காட்டினேன். அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு, சரி என்று தலையசைத்துவிட்டு எறிந்தான்.

நான் அவனைக் கட்டாயப்படுத்தினேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மூன்று தடவை கேட்டேன், மூன்றாவது தடவை அவனாகத்தான் சம்மதித்தான்.